நீலகிரியில் மனிதரும் மலையும்: ஒரு நுண்கலைப் புகைப்படத் தொடரை உருவாக்கும் முறை

நீலகிரியில் எடுக்கப்படும் படங்களில் முக்கால்வாசி இரண்டே வகைதான். ஆளே இல்லாத பச்சை மலை ஒன்று. பச்சை மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு சிரிக்கும் ஆள் இன்னொன்று. முதல் வகையில் மனிதர் இல்லை. இரண்டாவதில் மலை இருந்தும் இல்லை, அது வெறும் திரைச்சீலை. இந்த மலையை மனிதர் என்ன செய்தார், மலை அவரை என்ன செய்கிறது என்று கேட்கும் படங்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட படங்களை, ஒன்றிரண்டாக இல்லாமல் ஒரு தொடராக, சுவரில் மாட்டும் தரத்தில் எப்படி உருவாக்குவது என்பதை முதல் யோசனையிலிருந்து அச்சு வரை இங்கே எழுதுகிறேன்.

நுண்கலைப் புகைப்படம் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. செய்திப் படம் நடந்ததைக் காட்டக் கடமைப்பட்டது. கல்யாணப் படம் வீட்டாருக்குக் கடமைப்பட்டது. நுண்கலைப் படம், எடுப்பவர் மனதில் உள்ள கேள்விக்குக் கடமைப்பட்டது. அதனால் கேமரா பற்றிய பேச்சு பாதி வழியில்தான் வரும்.

1. மலையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்முன் தெரியும் பச்சையில் எது தானாக வளர்ந்தது, எது நட்டது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் முதல் வேலை.

நீலகிரியின் மேல்மட்டம் ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. அதன் மடிப்புகளில், தண்ணீர் கசியும் இடங்களில்தான் சோலைக்காடு. இங்குள்ள பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்தது அந்தப் புல்வெளியில். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்த பிறகு எல்லாம் வேகமாக மாறியது. ஊட்டி ஏரி 1820களில் ஓடையைத் தடுத்து உருவாக்கப்பட்டது. தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. ஆஸ்திரேலிய மரங்களான யூகலிப்டஸும் சீகையும் (வாட்டில்) அந்த நூற்றாண்டில்தான் வந்தன. தேயிலையும் அப்படியே. மலை ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டியது. 1932-ல் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு குந்தா பக்கம் அணைகள் வரிசையாக எழுந்தன. தோல் பதனிடச் சீகைப்பட்டை, விறகுக்கும் ரேயான் கூழுக்கும் யூகலிப்டஸ் என்று புல்வெளி ஏக்கர் ஏக்கராகத் தோப்பானது.

ஆக, ஏரி, பைன் தோப்பு, தேயிலைச் சரிவு, யூகலிப்டஸ் வாசனை என்று நாம் ஊட்டியோடு சேர்த்து நினைக்கும் அத்தனையும் மனிதர் கைபட்டவை. பைன் மரங்களுக்கு நடுவே நின்று "காட்டுக்குள் இருக்கிறேன்" என்று படத்துக்குத் தலைப்பு வைப்பவர் உண்மையில் ஒரு தோட்டத்துக்குள் நிற்கிறார். மனிதர் ஒரு கட்சி, இயற்கை இன்னொரு கட்சி என்று பிரித்து இங்கே படமெடுத்தால், எவ்வளவு அழகாக வந்தாலும் அது பொய். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை எடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவருவது அது ஒன்றுதான்.

புகைப்பட வரலாற்றிலும் இந்தத் திருப்பம் நடந்திருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் காலத்து அமெரிக்க மலைப் படங்களில் மனிதச் சுவடு பெரும்பாலும் இருக்காது. 1975-ல் ரோச்செஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் 'நியூ டோபோகிராபிக்ஸ்' என்ற கண்காட்சி நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஜெர்மனியின் பெக்கர் தம்பதி முதலானோர் புறநகர் வீடுகளையும் ஆலைகளையும், அதாவது மனிதர் மாற்றிய நிலத்தை, எந்த அலங்காரமும் இல்லாமல் அதில் காட்டினார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். நகலெடுக்க வேண்டாம். நிலத்தைக் காதலிக்காமலும் திட்டாமலும் நேராகப் பார்ப்பது எப்படி என்பதற்காகப் பாருங்கள்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"மனிதனும் இயற்கையும்" என்பது கேள்வி அல்ல, தலைப்பு. அதை வைத்துக்கொண்டு களத்துக்குப் போனால் எதைப் பார்த்தாலும் பொருந்தும், எதுவும் படமாகாது. சுருக்க வேண்டும்.

அதற்கு நம்மிடமே ஒரு நல்ல சட்டகம் இருக்கிறது. அகத்திணை இலக்கணம் ஒரு நிலத்தை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பார்க்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அங்குள்ள மரம், விலங்கு, உணவு, தொழில், தெய்வம். உரிப்பொருள் என்பது அங்கே வாழ்பவர் மனதில் நிகழ்வது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் நள்ளிரவும் பொழுது என்று வகுத்தவர்கள், நிலத்தையும் நேரத்தையும் மனதையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு உங்கள் தொடருக்கும் அப்படியே எழுதிப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

முதல்: முத்தோரை பாலாடா பள்ளத்தாக்கு, ஜனவரி, விடிவதற்குச் சற்று முன்.
கரு: கேரட் பாத்தி, உறைபனி, தண்ணீர் குழாய், ஸ்பிரிங்க்ளர், கம்பளித் தொப்பி, டார்ச்.
உரி: ஒரே இரவில் பயிர் கருகிவிடுமோ என்ற பயம்.

இதிலிருந்து கேள்வி தானாக வருகிறது: உறைபனி இரவுகளில் ஒரு பள்ளத்தாக்கு எப்படித் தூங்காமல் இருக்கிறது? இது போதும். இனி எதை எடுக்க வேண்டும் என்பதைவிட, எதை எடுக்க வேண்டாம் என்பது தெளிவாகிவிடும். பள்ளத்தாக்கின் மேல் தெரியும் ஆரஞ்சு வானம் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. பனியில் நனைந்த குழாயின் வாய் தேவை.

உரி என்ற பத்தியில் பலர் திணறுவார்கள். அங்கே "அமைதி", "பிரமிப்பு" என்று எழுதினால் அது வந்து போகிறவரின் உணர்ச்சி. வாழ்பவரின் உணர்ச்சியை எழுத அவரோடு பேசியிருக்க வேண்டும். உள்ளுறை என்றொரு உத்தியும் உண்டு. தலைவியின் நிலையைச் சொல்லாமல் யானையையும் அருவியையும் சொல்லி உணர்த்துவது. முகத்தைக் காட்டாமல் பயத்தைக் காட்ட முடியுமா என்று முயல்வது அதே வேலைதான்.

3. ஒரே ஒரு விளிம்பைத் தேர்ந்தெடுங்கள்

மாவட்டம் முழுக்கச் சுற்றி எடுத்த படங்கள் ஆல்பமாகும், தொடராகாது. நடந்தே சுற்றிவரக்கூடிய ஒரு பகுதி, ஒரு விளிம்பு, அங்கே பல பருவங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விளிம்பு கவாத்து செய்த தேயிலைத் தோட்டம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் வெட்டிவிடுவார்கள். இடுப்புயரத்துக்குத் தட்டையாக நின்ற பச்சை மொத்தமும் போய்விடும். அதுவரை ஒளிந்திருந்தது வெளியே வரும்: முறுக்கிக்கொண்ட சாம்பல் கிளைகள், அவற்றின் மேல் ஒட்டிய பாசி, வெட்டுப்பட்ட முனைகளில் மட்டும் வெளிர்மஞ்சள். குனிந்து அடியைப் பார்த்தால் தண்டு தொடைப் பருமன் இருக்கும். தேயிலை உண்மையில் மரம். விட்டால் பல அடி வளரும். கொழுந்தைப் பறித்துப் பறித்து, கவாத்து செய்து செய்து, தலைமுறை தலைமுறையாக மனிதக் கை அதைச் செடியாகவே வைத்திருக்கிறது. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை இதைவிட நெருக்கமாகக் காட்டும் பொருள் இந்த மலையில் வேறு இல்லை என்பேன். சுற்றுலா வண்டிகள் கவாத்துத் தோட்டத்தின் முன் நிற்பதில்லை. பச்சை இல்லை என்று தாண்டிப் போய்விடும்.

அந்தக் கையின் கதையும் சேர்ந்ததுதான் தேயிலை. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பலர் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயின. அந்த நிலத்தை மாற்றியவர்கள், தாங்களே வேரோடு இடம் மாற்றப்பட்டவர்கள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லைன் வீடுகளைப் படமெடுப்பவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு விளிம்புகளும் ஏராளம். எமரால்டு, அவலாஞ்சி அணைகளில் கோடையில் தண்ணீர் இறங்கும்போது கரையில் படிப்படியாகத் தெரியும் மண் கோடுகள். சோலைக்குள் சீகை நுழையும் ஓரம். குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமை தாண்டிவரும் வேலிகள், அவற்றின் மேல் உலரும் துணிகள். ரயில் பாதைக்காக வெட்டிய பாறையில் முளைத்த பெரணி. கூடலூர், முதுமலைப் பக்கம் காட்டை மூடிவிட்ட உண்ணிச்செடி (லாண்டானா). அந்தச் செடியின் தண்டை வைத்தே பழங்குடிக் கைவினைஞர்கள் ஆள் உயரத்துக்கு மேல் யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். தோடர் வீட்டுக் கூரைக்கு வேண்டிய புல், அது வளரும் சதுப்பு, அந்தச் சதுப்பைச் சுற்றி நெருங்கிவரும் மரத்தோப்பு. எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

4. பருவத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் அது விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடக்க, சற்று மேலே உள்ள சரிவு பச்சையாகவே இருக்கும். வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தேடுங்கள், விவசாயியின் இழப்பும் தப்பித்தலும் அதில்தான் இருக்கிறது. உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதுதான் புல்வெளி புல்வெளியாகவே நின்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

மார்ச், ஏப்ரல், மே வறட்சி, கூட்டம். அணைக் கரைகளுக்கு ஏற்ற காலம். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை மேற்கு முகத்தை, அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை, நனைக்கும். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம். அப்போது மண்சரிவு நடக்கும். மேட்டுப்பாளையம் சாலையும் ரயிலும் நின்றுவிடக்கூடும், திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். 12 ஆண்டுக் குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதற்காகக் காத்திருந்து தொடரைத் தொடங்க வேண்டியதில்லை.

5. அனுமதியும் எச்சரிக்கையும்

முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் படமெடுக்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோனைப் பொறுத்தவரை, காடும் ராணுவ இடங்களும் நெருங்கிக் கிடக்கும் மாவட்டம் இது. கீழேயே விட்டு வாருங்கள். வெல்லிங்டன் ராணுவ முகாம், அருவங்காடு வெடிமருந்து ஆலை ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ரயில் தண்டவாளத்தில் இறங்கி நடப்பது குற்றம். பெட்டியின் சன்னலிலிருந்தும் நடைமேடையிலிருந்தும் தேவையான படம் கிடைக்கும்.

வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கரடியும் காட்டெருமையும் சாதாரணமாக நடமாடும். அந்தி சாய்வதற்குள் தோட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். விடியலில் உள்ளே போவதானால் உள்ளூர்க்காரர் ஒருவரோடு, பேசிக்கொண்டே போங்கள். சத்தம் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக. 24 மெகாபிக்சல் கேமரா ஏதாவது ஒன்று, 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, முக்காலி, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர், மழை உறை, துடைக்கப் பருத்தித் துணி. ஒரே லென்ஸில் நிற்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடரில் எல்லாப் படங்களும் ஒரே பார்வை அகலத்தில், ஒரே கண் பார்த்ததாகத் தெரியும். தூரத்தை அருகில் இழுக்கும் டெலி லென்ஸ் மலையை அடுக்கடுக்காக ஒட்டவைத்து அழகாக்கிவிடும், ஆனால் நீங்கள் அங்கே நின்றதாகத் தோன்றாது. விலங்குகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மலையில் கேமராவின் பெரிய எதிரி ஈரம். குளிரில் இருந்து சூடான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள். வீட்டில் காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். உறைபனி நேரத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. களத்தில்: வெண்மை, பனிமூட்டம், பச்சை

கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுங்கள். நிறத்தின் சூடு-குளிரைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையை 5200 முதல் 5500 கெல்வினுக்குள் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் உறைபனியின் நீலத்தைக் கேமரா திருத்தி, குளிரையே துடைத்துவிடும்.

கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் உறைபனி அழுக்காகவும் பனிமூட்டம் மழைமேகமாகவும் பதிவாகும். பனிமூட்டத்துக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப், உறைபனி நிறைந்த வயலுக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்). ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் ஓரத்தில் முட்டக்கூடாது. பனிமூட்டத்தில் ஆட்டோபோகஸ் தடுமாறும், ஒரு மரத்தின் தண்டையோ வேலிக்கம்பத்தையோ பிடித்துக் கையால் போகஸ் செய்யுங்கள். லென்ஸின் துளை எஃப் 8-ஐ ஒட்டி இருந்தால் போதும்.

பச்சைதான் நீலகிரியின் பெரிய சிக்கல். தேயிலை இலை மெழுகுப் பளபளப்போடு வானத்தைத் திருப்பி அடிக்கும். மழைக்குப் பிறகு போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள், வெள்ளைப் பளபளப்பு விலகி இலையின் உண்மையான கரும்பச்சை வரும். முழுக்கச் சுழற்றினால் ஈரமே இல்லாததுபோல் ஆகிவிடும், பாதியில் நிறுத்துங்கள். மேகம் மூடிய மதியம் இதற்கு விடியலைவிட நல்ல ஒளி.

இனி பாலாடா வயலுக்கு வருவோம். உறைபனி பயிரின் மேல் இருக்கும்போது வெயில் சுள்ளென்று பட்டால் இலை கருகிவிடும் என்று அதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். ஆகவே நேரம் மிகக் குறுகியது. இருட்டிலேயே முக்காலியை ஊன்றி, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 800-ல் ஆரம்பியுங்கள். ஸ்பிரிங்க்ளர் சுற்றும்போது ஷட்டர் 1/15 வினாடி வைத்தால் தண்ணீர் கோடாக வரும், நிற்கும் ஆள் கூர்மையாக இருப்பார். 1/1000 வைத்தால் துளி துளியாக உறையும், ஆனால் அதற்கு ஒளி வேண்டும். நான் கோட்டைத்தான் விரும்புவேன். துளி அழகாக இருக்கும், கோட்டில் வேலை தெரியும். வெயில் முகட்டைத் தாண்டி வயலின் ஒரு மூலையைத் தொடும்போது எதிரொளியில் நில்லுங்கள். வெயில் பட்ட பாதியும் படாத பாதியும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

8. மனிதரை எங்கே வைப்பது

பரந்த நிலத்தில் ஒரு குட்டி உருவம் என்ற படத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அதில் மனிதர் அளவுகோலாக மட்டுமே இருக்கிறார், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆளைச் சிறிதாக வைப்பதானால் அவர் ஒரு வேலையில் இருக்கட்டும். குனிந்த முதுகு, தூக்கிய கூடை, இழுக்கும் குழாய் எதுவானாலும் சரி. 20க்கு 30 அங்குல அச்சில் அந்த உருவம் அரை அங்குலம் இருந்தாலும் வேலை படிக்கக் கிடைக்கும்.

ஆளே இல்லாமலும் ஆளைக் காட்டலாம். சரிவில் தேய்ந்த ஒற்றையடிப் பாதை, கொம்பில் தொங்கும் தார்ப்பாய், பாத்தியின் ஓரத்தில் கழற்றிவைத்த ரப்பர் பூட்ஸ். தொடரில் இப்படிப்பட்ட படங்கள் கணிசமாக இருந்தால் முகங்களுக்கு மதிப்புக் கூடும்.

முகம் எடுக்கும்போது 35 மி.மீ. லென்ஸோடு அருகில் போய், அவர் கண்மட்டத்தில் நின்று, அவர் வேலை செய்யும் நிலம் பின்னால் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். பின்னணியை மங்கலாக்கினால் உறவே மறைந்துவிடும்.

9. கேட்டுவிட்டு எடுங்கள்

இந்த மலையில் கேமராவுக்கு நல்ல பெயர் மட்டும் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1873-ல் வெளிவந்த தன் நூலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் படங்களைச் சேர்த்தார். மனிதரை வகைப்படுத்தி வைக்கும் நோக்கம் அன்றைய படங்களில் தெரியும். இன்றும் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் ஊருக்குப் போய், அவர்களுடைய பூவேலைப் போர்வையான பூத்துக்குளியைப் போர்த்தச் சொல்லி, கோயில் முன் நிறுத்தி எடுப்பவர்கள் அதே படத்தைத்தான் எடுக்கிறார்கள். தோடர்களின் கோயில்களை நெருங்குவதற்கு அவர்களுடைய கட்டுப்பாடுகள் உண்டு, பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் நில்லுங்கள். படகர் ஊர்களில் ஹெத்தை அம்மன் விழாக் காலத்திலும் அப்படித்தான்.

கேட்பது கடினமே இல்லை. "அக்கா, நீங்க வேலை பாக்குறத படம் எடுக்கலாமா? எதுக்குன்னு முதல்ல சொல்லிடுறேன்" என்று தொடங்கினால் பெரும்பாலும் பேச்சு வளரும். "வேணாம் தம்பி" என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பறிக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கில் கூலி வாங்குபவரைப் பத்து நிமிடம் நிறுத்துவது அவருடைய வருமானத்தில் கைவைப்பது. எடை போடும் இடத்தில், வேலை முடிந்த பிறகு பேசுங்கள். முதல் சந்திப்பில் கேமராவை வெளியே எடுக்காமலே திரும்புவதும் நல்லதுதான். படம் எடுத்திருந்தால், அடுத்த முறை போகும்போது அதைச் சிறிய அச்சாகப் போட்டுக் கொடுங்கள். செல்போனில் அனுப்பிய படம் இரண்டு நாளில் கீழே போய்விடும், அச்சு வீட்டில் இருக்கும்.

10. தேர்வும் திருத்தமும்

எடுத்தவுடன் தேர்ந்தெடுக்காதீர்கள். குளிரில் பட்ட பாடு படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வாரம் போகட்டும். அப்புறம் தபால் அட்டை அளவில் மலிவான அச்சு போட்டு, தரையில் பரப்பிப் பாருங்கள்.

கணினியில் இரண்டே அறிவுரை. பனிமூட்டத்தை விலக்கும் டீஹேஸ் பொத்தானைத் தொடாதீர்கள். மூட்டம் குறை அல்ல, அந்த இடத்தின் பொழுது. பச்சையைக் கூட்டாதீர்கள். மஞ்சள், பச்சை இரண்டின் செறிவையும் சற்றுக் குறைத்தால்தான் தேயிலை, சீகை, சோலை மூன்றும் வெவ்வேறு பச்சை என்பது தெரியும். சோலையின் தளிர் சிவப்பும் அப்போதுதான் மேலே வரும்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா? கேள்வியைப் பாருங்கள். உறைபனிக் கோடு வண்ணத்தில்தான் புரியும், ஏனென்றால் அங்கே செய்தியே வெள்ளையும் பச்சையும். கவாத்துத் தோட்டம் கறுப்பு வெள்ளையில் இன்னும் ஓங்கி நிற்கும், அங்கே கிளையின் வடிவமும் பட்டையின் சொரசொரப்பும்தான் செய்தி. கறுப்பு வெள்ளைக்கு இந்த ஊரில் தனி உரிமையே உண்டு. ஊட்டி இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. ஒரு காலத்து ஸ்டுடியோ படங்கள் பலவும் இந்த மலையில் செய்த பிலிமில் பதிந்தவை. ஆலை இன்று மூடிக்கிடக்கிறது. ஒரே தொடரில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

11. வரிசையும் அச்சும்

12 முதல் 20 படம் ஒரு தொடருக்குப் போதும். நல்ல படங்களை மட்டும் அடுக்கினால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். அகலக் காட்சி, கை, பொருள், முகம், மறுபடி நிலம் என்று மூச்சுவிட இடம் கொடுங்கள். பாலாடா தொடரை நான் மாலையிலிருந்து தொடங்குவேன்: வானத்தைப் பார்த்து இன்று பனி விழுமா என்று கணிப்பது, குழாயை இழுத்துப் போடுவது, இரவு வெளிச்சம், விடியல், தெளிப்பு. நடுவில் கருகிய ஒரு பாத்தியும் வர வேண்டும். தப்பித்ததை மட்டும் காட்டினால் அந்தப் பயம் யாருக்கும் எட்டாது.

24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 20க்கு 13 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், 200 என்றால் 30க்கு 20. தூரத்திலிருந்து பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 தாராளம். பருத்திக் காகிதத்தில், நீண்ட நாள் மங்காத பிக்மென்ட் மையில் அச்சிடச் சொல்லுங்கள், மினுமினுப்புக் காகிதம் வேண்டாம். பெரிய அச்சுக்கு முன் அதே காகிதத்தில் ஒரு துண்டுச் சோதனை அச்சு பாருங்கள். திரையில் தெரிந்த நிழல் விவரம் காகிதத்தில் ஒரு படி இருண்டுதான் வரும். சட்டம் போடும்போது அமிலமில்லாத அட்டையையே கேளுங்கள். மலையில் மாட்டுவதானால் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் ஏறும். விற்கும் எண்ணமிருந்தால் எத்தனை பிரதி என்று முதலிலேயே முடிவுசெய்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இடுங்கள். பிறகு அந்த எண்ணிக்கையை மாற்றக்கூடாது.

எங்கே காட்டுவது? சென்னை போட்டோ பியனாலே 2016-லிருந்து நடந்து வருகிறது, பொது இடங்களிலும் படங்களை வைக்கிறார்கள். அதற்கு முன் எடுத்த ஊரிலேயே, பள்ளிக்கூட வராந்தாவிலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு நாள் காட்டிவிடுங்கள். பாத்தி தப்பு, குழாய் தப்பு, இது பீட்ரூட், கேரட் இல்லை என்று அங்கே சொல்லிவிடுவார்கள். வெளியே போவதற்கு முன் கிடைக்க வேண்டிய விமர்சனம் அதுதான்.

12. படக்குறிப்பு

தொடருக்கு 150 சொல்லுக்குள் ஒரு குறிப்பு எழுதுங்கள். உங்கள் உணர்ச்சியை விட்டுவிட்டு, இடம், காலம், என்ன நடக்கிறது, ஏன் அங்கே திரும்பத் திரும்பப் போனீர்கள் என்பதை எழுதினால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: "முத்தோரை பாலாடா, ஜனவரி. கேரட் பாத்தியில் உறைபனியைக் கரைக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள்." "விடியலின் கண்ணீர்" போன்ற தலைப்புகள் படத்தை மூடிவிடும். படத்தில் இருப்பவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும், அவர் சொல்லும் விதத்தில் போடுங்கள். அரிய விலங்கோ பூவோ இருக்கும் இடத்தைக் குறிப்பில் மாவட்டப் பெயரோடு நிறுத்திவிடுங்கள். கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் நீக்கிவிடுங்கள்.